18 ராத்திரிக்கு எண்ணெய் இருக்கா, நைனா?

வா நைனா, திண்ணையில உக்காரு. பாட்காஸ்ட் ஆரம்பிச்சிட்டியாமே, நம்ம ஊரு குடுபல்லியே பேசுது. குடுபல்லின்னா உங்க அம்மாவும் சித்தியும். படம் போட்டாச்சு, பேர் வெச்சாச்சு, ஆரம்பத்துல ஒரு மியூசிக், பெங்களூர்ல இருந்து மைக். முதல் எபிசோடு கேட்டேன், நல்லாத்தான் பேசுற. ரெண்டாவதும் கேட்டேன். "லேட் ஆயிடுச்சு, சாரி பிரெண்ட்ஸ்"னு நாலு நிமிஷம். மூணாவதுக்கு நானும் காத்திருக்கேன், இந்த வேப்பமரமும் காத்திருக்கு. மரத்துக்கு வயசு கம்மி, அது கேட்டாலும் கேட்கும்.

அடுத்து இன்னா பேசப் போறேன்னு கேட்டா, "ஃப்ளோல வரும் தாத்தா"ங்குற. வரட்டும். ஆனா நம்ம பக்கம் தானா ஓடி வந்தது எது சொல்லு? ஸ்ரீசைலத்துல இருக்குற கிருஷ்ணா தண்ணியே கால்வாய் வெட்டி, மோட்டார் வெச்சு மேடு ஏத்தினாத்தான் குப்பத்துக்கு வருது. உன் பேச்சு மட்டும் பள்ளம் பாத்து வந்துடுமா?

எனக்கு பாட்காஸ்ட் தெரியாது, ஒத்துக்குறேன். ஆனா தவணை தவணையா கதை சொல்ற தொழில் நம்ம சித்தூர் சீமைக்குப் புதுசில்ல. குப்பம், பலமநேர், புங்கனூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெப்பாங்களே, சில ஊர்ல தர்மராஜா கோயில்னு சொல்லுவாங்க, அது இன்னா? 18 நாள். பகல்ல ஹரிகதை, ராத்திரியில கூத்து. காப்பு கட்டுறதுக்கு முன்னாலயே நோட்டீஸ் அடிச்சு டீக்கடையில ஒட்டிடுவாங்க. பகாசுரன் என்னிக்கு, திரௌபதி கல்யாணம் என்னிக்கு, அர்ச்சுனன் தபசு என்னிக்கு, கர்ணன் சாவறது என்னிக்கு, எல்லாம் தேதியோட இருக்கும். கர்ணனுக்கே தெரியாத சேதி, டீ ஆத்துறவனுக்குத் தெரியும். கதை தெரிஞ்சும் ஜனம் பாய் தலையணையோட வருது பாத்தியா? முடிவு தெரிஞ்சா கேக்க மாட்டாங்கன்னு உனக்கு எவன் சொன்னான்?

அந்தக் கணக்கை எங்கிருந்து போடுவாங்கன்னு கவனிச்சியா? பின்னாலருந்து. தீ மிதிக்கிற நாளைக் குறிச்சாத்தான் காப்பு கட்டுற நாள் கிடைக்கும். மண்ணுல துரியோதனனைப் படுக்க வெக்கணும், அக்கினி குண்டத்துக்கு விறகு வாங்கணும், கூத்தாடிகளுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். நீ முதல் எபிசோடுக்கு ஆறு தலைப்பு யோசிச்சு வெச்சிருந்தே. கடைசி எபிசோடு எதுன்னு கேட்டா மோட்டைப் பாக்குற. பல்லிகூட பதில் சொல்லல.

இன்னொண்ணு, 18 நாளும் ஒரே எடையில இருக்காது. தபசு அன்னிக்கு அர்ச்சுனன் வேஷக்காரர் உசரமான கம்பத்துல ஏறி, மேலருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவாரு. பிள்ளை வரம் கேட்டு வந்த பொண்ணுங்க முந்தானையை ஏந்தி நிப்பாங்க. கூட்டம் எந்த நாள்ல வரும்னு தெரிஞ்சு பெரிய சரக்கை அன்னிக்கு இறக்குவாங்க. பீஷ்மர் அம்புப் படுக்கையில படுத்துக்கிட்டு தருமருக்கு உபதேசம் பண்ணாரே, அதுக்கு ஒரு ராத்திரி ஒதுக்கினதைப் பாத்திருக்கியா? படுத்துக்கிட்டு உபதேசம் பண்ற கிழவனை ஜனம் எவ்வளவு நேரம் கேக்கும்னு எனக்கு அனுபவம் உண்டு. வில்லிபுத்தூராரே பாரதத்துல இருக்குற 18 பருவத்தையும் பாடல. 10 பருவத்துல சண்டை முடிஞ்சதும் எழுந்துட்டாரு. நீ உன் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி மூணு பாகம் போடுறதா இருக்க. போடு, போடு.

"அப்ப சொந்தமா பேசவே கூடாதா தாத்தா?"ன்னு மூஞ்சைத் தூக்காதே. கட்டியக்காரனை மறந்துட்டியா? ராஜா வர்றதுக்கு முன்னால வந்து, முந்தாநாள் ஊர்ல நடந்த பஞ்சாயத்து, தக்காளி விலை, மாமியார் சண்டை எல்லாத்தையும் அவன் வாய்க்கு வந்தபடி பேசுவான். தெலுங்குல ஆரம்பிச்சு தமிழ்ல திட்டி கன்னடத்துல மன்னிப்பு கேப்பான். அதுக்கு எவனும் எழுதிக் கொடுக்கல. ஆனா மத்தளம் எப்ப மாறும், எப்ப ஒதுங்கணும்னு அவனுக்குத் தெரியும். இன்னிக்கு துரியோதனன் வரணும்னு எழுதியாச்சு, அதனால இவன் இஷ்டத்துக்குப் பேசலாம். உங்கிட்ட கட்டியக்காரன் மட்டும்தான் இருக்கான். ராஜா எங்க?

பாதியில நின்னா இன்னா ஆகும்னு நம்ம தெலுங்குக்காரங்களைக் கேளு. ராஜமகேந்திரவரத்துல நன்னய்யா 11ஆம் நூற்றாண்டுல மகாபாரதத்தைத் தெலுங்குல ஆரம்பிச்சாரு. மூணாவது பருவம் வன பருவம், அதுக்கு நடுவுல நின்னுபோச்சு. 13ஆம் நூற்றாண்டுல திக்கன்னா வந்தாரு, விட்ட இடத்தைத் தொடாம விராட பருவத்துல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் முடிச்சாரு. நடுவுல இருந்த ஓட்டையை அடைக்க 14ஆம் நூற்றாண்டுல எர்ரன்னா வர வேண்டியதாச்சு. மூணு பேரும் மகாகவிங்க, அதனால ஜனம் 300 வருஷம் பொறுத்துச்சு. நைனா, உன் மூணாவது எபிசோடை முடிக்க எந்த எர்ரன்னாவும் பொறக்கப் போறதில்ல.

உங்க அப்பன் பட்டுப்புழு வளர்க்குறானே, முட்டை எடுக்குறதுக்கு முன்னால தோட்டத்துல இன்னா பாக்குறான்? இலையை. சின்னப் புழுவா இருக்குறப்போ கைப்பிடி இலை நறுக்கிப் போட்டாப் போதும், பெரிய ஆளாயிட்டோம்னு தோணும். நாலு தரம் தோலுரிச்சு அஞ்சாவது பருவத்துக்கு வந்துச்சுன்னா, மொத்தத் தீனியில 80 சதவீதத்துக்கு மேல அந்த ஒரு வாரத்துலதான் தின்னும். ராத்திரியில மழை பேஞ்ச மாதிரி மெல்லுற சத்தம் கேக்கும். அப்ப இலை இல்லேன்னா கூடும் இல்ல, காசும் இல்ல. முதல் எபிசோடுல உனக்கு அவ்வளவா தீனி வேணாம், ஆசையே போதும். எட்டாவதுலதான் தெரியும். பேச ஒத்துக்கிட்டவரு போனை எடுக்க மாட்டாரு, உனக்கு பரீட்சை வரும், தொண்டை கட்டும். அதனால நாலு எபிசோடு பதிவு பண்ணி கையில வெச்சுக்கிட்டு அடுத்ததை வெளிய விடு. ஒண்ணு போனா ஒண்ணு உள்ள வரணும்.

ஆளைப் பிடிக்கிறதுக்கும் காலம் பாரு. மே மாசம் கங்கம்மா ஜாத்திரை நடக்குறப்போ பூசாரிகிட்ட மைக்கை நீட்டினா, அதுக்கும் சேத்து பொங்கல் வெச்சிடுவாரு. ஒரு மாசம் முன்னாலயே போய் உக்காந்து பேசி எடுத்துக்க. விவசாயியை சாயங்காலம் பாரு, விடியக்காலையில மண்டிக்கு வண்டி ஏத்துற நேரத்துல பாக்காதே. ஸ்டேஷன் பக்கத்துல பதிவு பண்ணா டைம்டேபிளைப் பாத்துக்கோ. இது ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூர் போற லைன், போன தரம் நீ "அமைதியான எங்க கிராமம்"னு சொல்ற எடத்துலதான் ரயில்காரன் ஹாரன் அடிச்சான்.

ரேடியோக்காரங்க "வானொலி"ன்னு ஒரு பத்திரிகையே போட்டாங்க. 15 நாளைக்கு எந்த மணிக்கு எவர் பாடுவாரு, எவர் பேசுவாருன்னு முன்னாலயே அச்சடிச்சு வித்தாங்க. ஜனம் அதைக் காசு கொடுத்து வாங்குச்சு. சொன்ன நேரத்துக்கு வர்றவனை நம்பி அடுப்பைக்கூட அணைச்சு வெப்பாங்க. "சீக்கிரம் வரும், காத்திருங்க"ன்னு சொல்றவனுக்கு எவன் காத்திருப்பான்? கடன்காரன்தான்.

நைனா, எட்டு எபிசோடு போதும். கடைசியை முதல்ல எழுது. பெரிய சரக்கை மூணாவதுலயும் ஏழாவதுலயும் வை. கட்டியக்காரனுக்கு அஞ்சு நிமிஷம் கொடு, அதுக்கு மேல கொடுக்காதே. எட்டுன்னு சொன்னா எட்டோட எழுந்துடு. ஜனம் "இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே"ன்னு சொல்றப்போ நிறுத்துறவன் அடுத்த வருஷமும் கூத்துக்கு அட்வான்ஸ் வாங்குவான். இந்த எட்டையும் ஒரு காகிதத்துல எழுதி வர்ற வெள்ளிக்கிழமை எங்கிட்ட காட்டு. அதுவரைக்கும் அந்த மைக்கை உங்க அம்மாகிட்ட கொடுத்து வை. அவ பேச்சுக்கு எந்தத் திட்டமும் வேணாம்.