இடது முழங்காலின் விலை

ஐஸ் ஹொக்கியில் தடுப்பாட்டக்காரருக்கு ஒரு காலத்தில் வேலை மிகத் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. தன் கோல் வாசலை விட்டு அதிகம் விலகக்கூடாது. பாய்ந்து வருபவனைச் சுற்றுப் பலகையோடு சேர்த்து மோத வேண்டும். பக் எனும் ரப்பர் வட்டு கிடைத்தால் முன்னால் நிற்பவனுக்குத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் நிற்க வேண்டும். கோல் அடிப்பது வேறு ஆட்களின் பாடு. இன்று ரொறன்ரோவில் என் பேத்தி தடுப்பாட்டக்காரியாக ஆடும் அரீனாவில் பயிற்சியாளர் போடும் சத்தம் இதற்கு நேர்மாறானது: "நிக்காதே, நீயே கொண்டு போ!" அவளுக்கு இந்த உரிமை தானாக வந்ததில்லை. பொபி ஓர் என்ற ஒருவர் அதைத் தன் இடது முழங்காலைக் கொடுத்து வாங்கினார் என்றே நான் சொல்வேன்.

எண்பதுகளில் நான் இந்த ஊருக்கு வந்து தொழிற்சாலையில் இரவு வேலை செய்தபோது, என்னோடு நின்ற வடக்கு ஒன்ராறியோக்காரர் ஒருவர்தான் அந்தப் பெயரை முதலில் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அன்றைய நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் மட்டும் தலையாட்டிவிட்டு, "நீங்கள் ஓரைப் பார்க்கவில்லை" என்பார். அப்போது பொபி ஓர் ஆட்டத்தை விட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வயது நாற்பதுகூட இல்லை. கிரெட்ஸ்கியைவிட 13 வயதுதான் மூத்தவர். ஆனாலும் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் பழங்கதை ஆகிவிட்டிருந்தார். அந்த அநியாயம் எனக்கு அப்போதே உறைத்தது.

1948இல் ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில் உள்ள பரி சவுண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பனுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றிலும் விரிகுடாவிலும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கைத் துரத்துவார்கள். அணியுமில்லை, நடுவருமில்லை. எவன் பறிகொடுக்காமல் அதிக நேரம் வைத்திருக்கிறானோ அவனே கெட்டிக்காரன். பொஸ்ரன் புரூயின்ஸ் கழகத்தின் ஆட்கள் வேறு இரண்டு பையன்களைப் பார்க்கத்தான் கனனோக்வே என்ற ஊருக்குப் போனார்கள். போன இடத்தில் ஈர்க்கு மாதிரி மெலிந்த 12 வயதுப் பையன் ஒருவன் பக்கை யாருக்கும் கொடுக்காமல் ஆடுவதைக் கண்டார்கள். வந்த வேலையை மறந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து விதியை இன்றைய பெற்றோர் நம்ப மாட்டார்கள். 14 வயதுப் பிள்ளை ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் அவனுடைய தொழில்முறை வாழ்க்கை அந்தக் கழகத்துக்குச் சொந்தம். வேறு கழகத்தோடு பேரம் பேசவே முடியாது. ஓரின் குடும்பத்துக்குக் கைமாறாகக் கிடைத்தவற்றில் கொஞ்சப் பணமும் வீட்டுக்கு வெளிப்பூச்சும் அடங்கும். 1962இல் ஒஷாவா ஜெனரல்ஸ் அணியில் சேர்ந்தபோது, மகனை ஊரைவிட்டு அனுப்பத் தாய்க்கு மனம் வரவில்லை. முதல் வருடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பரி சவுண்டிலிருந்து காரில் கொண்டுபோய் ஆட வைத்துத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அணியோடு பயிற்சி எடுக்காமலே தன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்களோடு ஆடினான் பையன்.

1966இல் பொஸ்ரனுக்கு வந்தபோது அவருக்கு வயது 18. அந்த அணி பல வருடங்களாக இறுதிச் சுற்றுகளின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நான்கே வருடத்தில் தேசிய ஹொக்கி லீக்கின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணம் வந்தது. அந்த 1969–70 பருவத்தில் பொபி ஓர் 120 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வருவது அதுவே முதல் தடவை. 1974–75இல் மறுபடியும் வந்தார். இன்றுவரை வேறு எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அது வாய்க்கவில்லை. தொடர்ந்து எட்டுத் தடவை, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது. 1970–71இல் அவர் ஐஸில் நின்ற நேரத்துக் கணக்கு கூட்டல் 124. அதாவது, எதிரணியைவிட ஆள் அதிகமாக நின்று அடிக்கும் கோல்களைக் கணக்கில் எடுக்காமல், அவர் நிற்க அவருடைய அணி அடித்த கோல்கள், வாங்கிய கோல்களைவிட 124 அதிகம். இந்தச் சாதனையும் இன்னும் நிற்கிறது. கோல் அடிக்கப் போனவன் காவலைக் கைவிட்டான் என்று யாராவது சொன்னால் நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

1970 மே 10 அன்று சென் லூயிஸ் அணிக்கு எதிராக, மேலதிக நேரத்தின் 40ஆவது வினாடியில் அவர் அடித்த கோல்தான் கிண்ணத்தைக் கொடுத்தது. அடித்த கையோடு எதிரணிக்காரர் காலை வாரிவிட, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காற்றில் கிடையாகப் பறந்தார். அந்தக் கணத்தை ரே லூசியே என்ற படப்பிடிப்பாளர் எடுத்த படம் இப்போது பொஸ்ரன் அரங்குக்கு வெளியே வெண்கலச் சிலையாக நிற்கிறது. தலையில் கவசம் இல்லை. ஸ்கேட்டுக்குள் காலுறைகூடப் போட மாட்டாராம்.

முழங்கால் முதல் பருவத்திலேயே அடிபட்டுவிட்டது. இன்று சின்னக் குழாய் ஒன்றை நுழைத்து மூட்டுக்குள் பார்த்துச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அன்றோ முழங்காலை நீளமாகக் கீறித் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். மெத்தை இல்லாத மூட்டில் எலும்போடு எலும்பு உரசும். அடுத்தடுத்துச் சத்திரசிகிச்சைகள். 1972இல் சோவியத் அணியோடு நடந்த தொடருக்குக் கனடா அணியோடு கூடப் போனார், ஆட முடியவில்லை. நாடுகளுக்கிடையிலான 1976 கனடா கிண்ணத்தில் எப்படியோ ஆடினார். காலையில் நடக்கவே சிரமப்பட்டவர் இரவில் இப்படி ஆடினாரே என்று கூட ஆடியவர்கள் பின்னால் வியந்து சொன்னார்கள். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

அதே வருடம் அவர் பொஸ்ரனை விட்டுச் சிக்காகோவுக்குப் போனார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஓரின் முகவர் அலன் ஈகிள்சன். ஆட்டக்காரர் சங்கத்தின் நிர்வாக இயக்குநரும் அவரே. கனடா கிண்ணத்தை ஒழுங்கு செய்தவரும் அவரே. ஓர் அவரைச் சகோதரன் போல நம்பினார். பொஸ்ரன் கழகம் ஓரைத் தக்கவைக்கத் தன் உரிமையில் 18.5 வீதத்தையே கொடுக்க முன்வந்திருந்தது. ஈகிள்சன் வழியாக அது ஓரின் காதுக்கு எட்டவில்லை. சிக்காகோவில் மூன்று பருவங்களில் 26 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. ஆடாதவனுக்குச் சம்பளம் எதற்கு என்று காசோலைகளை மாற்றாமலே வைத்திருந்தார். 1978இல், 30 வயதில், விலகினார். அப்போது கணக்குப் பார்த்தால், கையிருப்பைவிடக் கடனும் வரியும் அதிகம். அடுத்த வருடமே, காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, ஹொக்கிப் புகழ் மாமன்றத்தில் 31 வயதில் அவரைச் சேர்த்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. வீட்டுச் செலவுக்குத்தான் காசில்லை.

ஈகிள்சனைக் கடைசியில் அசைத்தவர்களில் ஒருவரும் தடுப்பாட்டக்காரர்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸில் ஆடிய கார்ல் புரூவர், பழைய ஆட்டக்காரர்களின் ஓய்வூதியப் பணம் எங்கே போனது என்று கேட்டு நீதிமன்றம்வரை போய் வென்றார். மசச்சூசெட்ஸில் ஒரு சிறு நகரப் பத்திரிகையின் நிருபர் ரஸ் கொன்வே வருடக்கணக்காகத் தாள்களைத் தோண்டினார். 1998இல் ஈகிள்சன் பொஸ்ரனிலும் ரொறன்ரோவிலும் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஈகிள்சன் பெயர் அந்தப் புகழ் மாமன்றத்தில் தொடர்ந்து இருந்தால் நாங்கள் இருக்க மாட்டோம் என்று ஓரும் வேறு பல பழைய ஆட்டக்காரர்களும் அறிவித்தார்கள். ஈகிள்சன் மாமன்றத்திலிருந்து விலகினார்.

இப்போது நிலைமை வேறு. தொண்ணூறுகளிலிருந்து யாருக்கு என்ன சம்பளம் என்று ஆட்டக்காரர்களுக்குள் ஒளிவில்லை. முகவர்களுக்குச் சங்கமே சான்றளிக்கிறது. ஆடுகளத்திலும் அப்படித்தான்: 1998இல், ஈகிள்சன் சிறைக்குப் போன அதே வருடம், கல்கரியில் பிறந்த தடுப்பாட்டக்காரர் கேல் மக்கார் 2024–25 பருவத்தில் 30 கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர் ஏன் இவ்வளவு முன்னால் போகிறார் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

முகவரால் ஏமாற்றப்பட்ட ஓர், தொண்ணூறுகளில் தானே முகவரானார். பலர் அதைப் பழைய நட்சத்திரம் பிழைக்கக் கண்ட வழி என்று நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கதிரையில் யார் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? 2017இல் கொனர் மக்டேவிட் எட்மன்டன் அணியோடு எட்டு வருடத்துக்கு 10 கோடி டொலர் ஒப்பந்தம் செய்தபோது, அந்த 20 வயதுப் பையனுக்காகப் பேசியது ஓரின் பெயர் தாங்கிய நிறுவனம். தொகையும் காலமும் அன்றைக்கே எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டன.