டைனர் காபியும் தீராக் கோப்பையும்: ஓர் ஆய்வு முன்னுரை

அமெரிக்க டைனர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: எது அசல் டைனர்? தூய்மைவாதிகளின் விடை கறாரானது. தொழிற்சாலையில் முழுசாகக் கட்டி, ஏற்றிவந்து இறக்கினால்தான் டைனர். இருக்கும் இடத்திலேயே செங்கல் அடுக்கிக் கட்டினால், அதே பான்கேக், அதே குரோமிய ஸ்டூல் இருந்தாலும் அது வெறும் சாப்பாட்டுக் கடை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1948இல் வைத்த 'மிஸ் வூஸ்டர்' டைனர் இந்த இலக்கணத்தில் தேறிவிடுகிறது. அதைச் செய்த தொழிற்சாலை எதிர்ச்சாரியில் இருந்தது. பயண தூரம் ஒரு தெருவின் அகலம்.

அந்தத் தொழிற்சாலை, வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி, 1906 முதல் 1957 வரை 651 டைனர்களைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. எண் தொடங்கியது 200இல். ஆக, 1 முதல் 199 வரையிலான டைனர்கள் பிறக்கவே இல்லை. களப்பணிக்கு அலைய வேண்டாம், மறுத்துப் பேசவும் ஆளில்லை. முனைவர் பட்டத்துக்கு இதைவிடத் தோதான தலைப்பு அமையாது.

இனி தோற்றம். 1872இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில், வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து இரவுப்பணிப் பத்திரிகை ஊழியர்களுக்குச் சாப்பாடு விற்றார். இவர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் அல்லர். அதற்காக ஒப்பிலக்கியத் துறையினர் மனம் தளர வேண்டியதில்லை. இதைவிட மெல்லிய நூலில் கட்டுரைகள் தொங்கியிருக்கின்றன.

இருக்கை: ஸ்டூல், பூத் என இருவகைப்படும்.

மீட்லோஃப்: அவரவர் அம்மா செய்ததே சிறந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வதால் ஆய்வுக்கு உரியதன்று.

முட்டைக்கு மட்டும் தனி இயல் தேவைப்படும். ரொட்டி டோஸ்ட் மேல் இரண்டு போச்டு முட்டை கேட்டால், பழைய டைனர்களில் பரிமாறுபவர் உள்ளே பார்த்து 'ஆடம் அண்ட் ஈவ் ஆன் எ ராஃப்ட்' என்று குரல் கொடுப்பார். ஆதாமும் ஏவாளும் எந்த வெள்ளத்தில் தெப்பம் ஏறினார்கள், அது நோவாவுக்கு முந்தையதா பிந்தையதா என்று உரையாசிரியர் நாற்பது பக்கம் எழுதலாம். சமையல்காரர் அதற்குள் முட்டையைத் தட்டில் வைத்து மணியடித்துவிடுவார்.

நினைவுச்சின்னம் என்ற தகுதியை முதலில் பெற்ற டைனர், ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் ஊரிலுள்ள 'மாடர்ன் டைனர்'. 1941இல் செய்தது, 1978இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. முகப்பு, பாய்ந்து வரும் ரயில் எஞ்சினைப் போல வளைந்திருக்கும். தண்டவாளத்தில் ஒருநாளும் ஓடியதில்லை. உள்ளே பேர்போனது கஸ்டர்ட் ஊற்றிய பிரெஞ்சு டோஸ்ட்.

இப்போது காபிக்கு வரலாம். இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. டைனர் காபிக்கு ஒரு முறைதான் காசு, நிரப்புவது இலவசம் (மெனு அட்டை, பக். 4). பரிமாறுபவர் கண்ணாடிக் கெண்டியோடு சுற்றிவந்து, பேச்சு நடுவே இருந்தாலும், பாதிக் கோப்பையை மறுபடி முழுக் கோப்பையாக்கிவிட்டுப் போகிறார். இங்கே சர்க்கரைச் சிக்கல் எழுகிறது. ஒவ்வொரு பாதியிலும் நிரப்பினால், முதலில் போட்ட சர்க்கரை ஐந்தாம் ஊற்றலில் 32இல் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். கணக்குப்படி ஒருநாளும் பூச்சியம் ஆகாது. அப்படியானால் வாடிக்கையாளர் குடித்தது ஒரு கோப்பையா, ஆறா?

இதில் மூன்று மதங்கள் உண்டு. காபி ஒன்றே, ஊற்றல்கள் வெறும் தோற்றம் என்பது அத்வைதம். பில் இதையே பிரமாணமாகக் கொள்கிறது. ஒவ்வொரு ஊற்றலும் தனித்தனிக் காபி என்பது துவைதம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராதவர் இக்கட்சி. கோப்பை ஒன்று, ஆனால் ஊற்றல்கள் அதன் உடலாக அமைந்தவை என்பது விசிஷ்டாத்வைதம் (மெனு அட்டை, பக். 4, சிரப் ஒட்டிய பிரதி, ஒட்டாத பிரதியில் 'இலவசம்' என்ற சொல் இடைச்செருகல் என ஐயுறப்படுகிறது).

கெண்டியின் கழுத்து நிறமும் நோக்கத்தக்கது. கறுப்போ பழுப்போ இருந்தால் சாதாரணக் காபி. ஆரஞ்சு என்றால் காஃபீன் நீக்கியது. சாங்கா என்ற காஃபீனற்ற காபியின் ஆரஞ்சு உறையிலிருந்து வந்த வழக்கம். அவசரத்தில் இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றிவிட்டால் அதை மணிப்பிரவாள நடை எனலாம் (மேற்படி அட்டை, பின்பக்கம், கெட்ச்அப் கறைக்குக் கீழ் அழிந்த வரி, முயல்வோர் நகத்தால் சுரண்டி வாசிக்க).

போதும் என்பவர் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடுகிறார். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் இது இளிவரலா, பெருமிதமா என்பதற்கு ஒரு தேசியக் கருத்தரங்கு நடத்தலாம். பதிவுக் கட்டணம் செலுத்தியவர்களின் கட்டுரைகள் அனைத்தும் சிறந்தவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மலரில் இடம்பெறும்.

சக்கரத்தையும் எண்பலகையையும் அளந்த தூய்மைவாதிகள் கெண்டியைத் தூக்கிய கையை அளக்கவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் மணிக்கு 2.13 டாலர் என வைத்திருக்கிறது. 1991க்குப் பிறகு அது நகரவில்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் மிச்சத்தை மேசையில் வைக்கும் சில்லறைதான் ஈடுகட்டுகிறது. ஆகவே அந்தப் பக்கம் போகிற வாசகர்கள் பில் விஷயத்தில் அத்வைதியாக இருங்கள். டிப்ஸ் வைக்கும்போது மட்டும் துவைதத்துக்கு மாறி, ஊற்றிய தடவைகளை எண்ணி வையுங்கள்.