புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

சஃபோக், இங்கிலாந்து.



இங்கே அறுவடை முடிந்து வயல் காலியானதும் வேறொரு கூட்டம் இறங்குகிறது. காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர், இடுப்பில் குட்டி மண்வெட்டி. விதைக்கிற வேலை கிடையாது, தோண்டுகிற வேலை மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறார் மதுரைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்காரர் ஒருவர். நிலக்காரரிடம் முறையாகக் கேட்டுக்கொண்டுதான் இறங்கினார். கேட்காமல் எடுத்தால் அது திருட்டு. சாயங்காலம் அவர் கொட்டிக் காட்டியதை வீடியோ காலில் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஏண்டா, காயலான் கடை வைக்கவா சீமைக்குப் போனே?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. பாதி, குளிர்பான டின்னைத் திறக்கும் வளையங்கள். டிடெக்டருக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது, எவ்வளவு பெரிது என்று பார்த்து ஓர் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். மெல்லிய தங்க மோதிரமும் அலுமினிய வளையமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கும். வளையம் வேண்டாம் என்று கருவியில் அமைத்துவிட்டால் மோதிரமும் கூடவே போய்விடும். தங்க ஆசை இருந்தால் குப்பையையும் அள்ளித்தான் ஆகவேண்டும்.

மீதிப் பாதியில்தான் புதிர். 12 என்று எண் பொறித்த பித்தளை வட்டம், வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பாகம். தங்கக் காசு என்று குதிக்கவைத்த மஞ்சள் வில்லை, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் அடித்த ஜெட்டான். கட்டம் போட்ட பலகையில் நகர்த்திக் கணக்குப் பார்ப்பதற்கானது. அதில் ராஜா பெயரைத் தேடினால் ஹான்ஸ் க்ராவின்கெல் என்ற பட்டறைக்காரரின் பெயர் வரும். ஒரு பட்டையால் இணைந்த இரண்டு ஈய வட்டுகள், துணி மூட்டையில் கோத்து மடித்து அடித்த வியாபார முத்திரை.

ஒன்றை மட்டும் நம்மவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். எலுமிச்சை அளவு வெண்கல உருண்டை, அடியில் ஒரு கீறல், உள்ளே கலகலவென்று ஒரு குண்டு. கூட வந்த வெள்ளைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, "இது சலங்கைங்க" என்றார் இவர். வண்டிக் குதிரைக்குக் கட்டியது. அதில் ஆர்.டபிள்யூ. என்ற எழுத்துகள். 18ஆம் நூற்றாண்டில் வில்ட்ஷயரின் ஆல்ட்போர்ன் கிராமத்தில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸின் அடையாளம் அது.

தெரியாததைக் கேட்க அரசு ஏற்பாடே இருக்கிறது. 1997இல் தொடங்கிய போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம். வட்டாரத்துக்கு ஓர் அலுவலர் பொருளைப் பார்த்து, பெயர் சொல்லி, பதிவுசெய்து, திருப்பிக் கொடுப்பார், காசு கிடையாது. இதுவரை 10 லட்சத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. ஆனால் 300 ஆண்டைத் தாண்டிய தங்கமோ வெள்ளியோ (ஒற்றைக் காசு நீங்கலாக) கிடைத்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். கரோனர் என்பவர் சந்தேக மரணங்களை விசாரிப்பவர். பிணத்துக்கும் புதையலுக்கும் இந்த நாட்டில் ஒரே அதிகாரி.

நிபுணர்களும் கைவிரிக்கும் பொருள் உண்டு. லிங்கன்ஷயரின் நார்ட்டன் டிஸ்னியில் 2023இல் நடந்த அகழாய்வில், பன்னிரண்டு முகம் கொண்ட ரோமானிய உலோகக் கூடு ஒன்று முழுசாகக் கிடைத்தது. இந்த வகையில் நூற்றுக்கு மேல் கிடைத்தும் எதற்கென்று யாருக்கும் தெரியாது. விளக்குத் தாங்கி, கையுறை பின்னும் அச்சு, அளவுக் கருவி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தேடாதது கிடைப்பதும் உண்டு. இதே சஃபோக்கின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் 1992இல் எரிக் லாஸ் என்பவர் தேடப் போனது நண்பர் தொலைத்த சுத்தியலை. கிடைத்தது 15,000 காசுகளை ஒட்டிய ரோமானியப் புதையல். ஆசையில் எல்லாவற்றையும் வாரிவிடாமல் நிறுத்திவிட்டு அவர் தகவல் சொன்னதால், தொல்லியலாளர்கள் பெட்டி இருந்த நிலை கலையாமல் எடுத்தார்கள். பரிசு 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது, புதையலோடு அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க இங்கே வரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சிங்க் ஓரம் பச்சை பூத்த காசு கிடந்தால், குத்துவிளக்கு ஞாபகத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ராஜாவின் மூக்கும் எழுத்தும் அந்தப் பச்சையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.