படகுக்குப் பாய் விரிப்பவர்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கார் எண் பலகையிலேயே 10,000 ஏரிகள் என்று அச்சடித்திருப்பார்கள். அடக்கம்தான், பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவற்றை எண்ணினால் 11,842 வருகிறது. அந்த ஏரிகளில் பனி உருகும் ஏப்ரல் மாதம், தெருவுக்கு ஒருவராவது வீட்டு வாசலில் மல்லாந்து கிடப்பார். அவருக்கு மேலே ட்ரெய்லர், ட்ரெய்லருக்கு மேலே படகு, இரண்டுக்கும் நடுவே படகு உட்காரும் நீளப் பலகைகள். பலகையைச் சுற்றிய கம்பளத்தை மாற்றுவதுதான் அவருடைய உத்தியோகம். பென்ஷன் வாங்குபவர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"போன வருஷம்தானே மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. காலைப் பொழுது போச்சு.

முதலில் மரம். கடையில் இரண்டுக்கு நாலு என்று விற்கும் பலகை, அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். இந்த அநியாயத்தை டேப் பிடித்து நிரூபித்த பிறகே அடுத்த வாக்கியம் வரும். மருந்தேற்றிய மரம் கூடவே கூடாது என்பார். 2003 முடியும்வரை வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்து. பிறகு வந்தது தாமிரம் தூக்கலான மருந்து. அலுமினியப் படகுக்கும் தாமிரத்துக்கும் ஜென்மப் பகை. நடுவில் ஈரக் கம்பளம் தூது போனால் படகின் அடியெல்லாம் குழி குழியாக அரித்துவிடும். இவ்வளவும் உண்மை என்பதுதான் நமக்குச் சங்கடம். எழுந்து போகவும் முடியாது.

ஸ்டேப்பிள் என்றால் குரல் தாழ்ந்துவிடும். எவர்சில்வர்தான். அதையும் பலகையின் அடிப்பக்கமாகப் பார்த்து அடிக்க வேண்டும். மேலே ஒன்று தவறிப் பதிந்தால் படகின் வயிற்றில் கீறல்.

பக்கத்து வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வந்து நிற்பார். "பேசாம பிளாஸ்டிக் போட்டுடுங்களேன். வழுக்கிக்கிட்டுப் போகும்."

"போகும், போகும். வின்ச் கொக்கியைக் கழட்டின உடனே, தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடியே, சிமெண்ட்டுல போகும்."

வேலை என்னவோ அரை நாள் வேலைதான். பின்பக்கம் ஜாக்கி கொடுத்து, ஒரு பலகையைக் கழற்றி, உடுத்தி, மாட்டி, பிறகு அடுத்தது. அதைச் சொல்லி முடிக்கத்தான் ஒரு வாரம்.

மே மாதத்தில் மீன்பிடி பருவம் தொடங்கும் சனிக்கிழமை, ஏரிச் சரிவில் படகு சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அவர் படகில் ஏறமாட்டார். அடுத்தவர் ட்ரெய்லருக்கு அடியில் குனிந்து விரலால் தடவிக்கொண்டிருப்பார். "இரும்பு ஸ்டேப்பிள். துரு."

"தாத்தா, உள்ளே தண்ணி வருது!" என்று பேரன் கத்துவான்.

ஏரிக்கு ஏரி வரிச்சிப்பி பரவாமலிருக்க, ரோட்டில் போகும்போது படகின் வடிகால் அடைப்பைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டத்தை மதிப்பவர், அடைப்பு சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.

"பதறாதே, வண்டியைப் பின்னால எடுக்கறேன்" என்பார். "ஈரக் கம்பளத்துல எப்படி ஏறுதுன்னு நானே பாக்கணும்னு இருந்தேன்."