பல்லுப் போனாலும் சொல்லுப் போகாது

இந்த மாதக் கேள்விப் பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசி பல்! கனமூலையும் சுற்றியுள்ள ஊர்களும் ஒன்று சேர்ந்து வாயைத் திறந்துவிட்டன. அரசியல் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும். பல் வலிக்காரர் பொறுக்க மாட்டார்.

கடைவாயில ஒரு பல்லுப் போச்சு. பாலம் கட்டலாம் எண்டு டாக்டர் சொல்றார். ஆனா விலை மூணு பல்லுக்குச் சொல்றார். போனது ஒண்டு, காசு மூணுக்கா?
*விருதோடை வாசகர்*

டாக்டரின் கணக்கு சரிதான், நானா. போன பல்லுக்கு இரு பக்கமும் இருக்கிற பல்லைச் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் செதுக்கி, அவற்றுக்கு உறை போட்டு, அந்த இரண்டு உறைக்கும் நடுவில் பொய்ப்பல்லை ஒட்டி ஒரே துண்டாக வார்ப்பார்கள். ஆக, செய்கிற பல் மூன்று.

நீங்கள் பேரம் பேச வேண்டியது காசில் அல்ல, அந்த இரண்டு பல்லில். பக்கத்துப் பல் இரண்டும் ஏற்கனவே பெரிய ஃபில்லிங் அடைத்தவை என்றால் உறை போடுவது அவற்றுக்கே நல்லது, யோசிக்காமல் கட்டுங்கள். இரண்டும் சொத்தை காணாத முழுப்பல் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. “பக்கத்துப் பல் எந்த நிலையில இருக்கு, எக்ஸ்ரே காட்டுங்க” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார், படத்தைத் திருப்பிக் காட்டுவார்.

மகளுக்கு இருபது வயசு. பைக்கில விழுந்து முன்பல் ஒண்டு போச்சு. பெண் பார்க்க வாற காலம். பக்கத்துப் பல்லையும் வெட்டித்தான் ஆகணுமா?
*உம்மா ஒருவர், கனமூலை*

வெட்ட வேண்டாம். இந்த வயதில் அவசரப்பட்டு முழுப் பாலம் கட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். 1973இல் ரோஷெட் என்ற பல் மருத்துவர் துளையிட்ட உலோகச் சிறகு ஒன்றைப் பல்லின் பின்பக்கம் பசையால் ஒட்டிக் காட்டினார். அதை அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் மேலும் செம்மைப்படுத்தினார்கள். அதனால் மேரிலண்ட் பாலம் என்று பெயர். பக்கத்துப் பல்லைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. பின்னால் ஒரு சிறகு ஒட்டும், முன்னால் பொய்ப்பல் நிற்கும்.

இரண்டு பக்கமும் சிறகு வைத்தால்தான் உறுதி என்று தோன்றும். முன்பல்லில் பெரும்பாலும் நேர்மாறு. ஒரு சிறகு கழன்றாலும் மற்றது பிடித்துக்கொண்டு நிற்பதால் கழன்றதே தெரியாது. அதற்கடியில் சொத்தை ஊரும். ஒரு சிறகு மட்டும் என்றால் கழன்றதும் கையில் வந்துவிடும், அன்றைக்கே ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளலாம். மகள் அந்தப் பல்லால் கொய்யாக்காய் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பெண் பார்க்க வருகிறவர்களின் பல்லையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கழண்டு விழுந்த பாலத்தை சூப்பர் குளூ போட்டு ஒட்டலாமா? கூட்டாளி ஒட்டிட்டு நல்லா இருக்கிறான்.
*மதுரங்குளி*

கூட்டாளி நல்லா இருப்பது இன்றைக்கு. அந்தப் பசை பல்லின் மேல் மேடாக உறைந்து நிற்கும். பிறகு டாக்டரே வைத்தாலும் பாலம் பழைய இடத்தில் உட்காராது, கடி உயர்ந்து மற்றப் பல்லும் வலிக்கும். கழண்டதைக் கழுவி, சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாதி நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடுவார்கள்.

எங்கட மூத்தாப்பா பிரஷ் கண்டதே இல்லை. எண்பது வயசிலயும் மாட்டெலும்பு கடிச்சார். எனக்கு முப்பத்தைஞ்சில நாலு பல்லு ஆடுது. இது என்ன நீதி?
*கொத்தாந்தீவு வாசகர்*

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது இலங்கைதான். 1970இல் ஹெரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரின் குழு, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தது. பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் கிட்டத்தட்ட இல்லாதவர்கள். பதினைந்து வருஷம் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் காறை, எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனால் சுமார் 8 சதவீதத்தினருக்குப் பல்லைப் பிடிக்கிற எலும்பு வேகமாகக் கரைந்து, நாற்பத்தைந்து வயதுக்குள் பல்லெல்லாம் உதிர்ந்துபோனது. 81 சதவீதத்தினருக்கு மெதுவாகக் கரைந்தது. மிச்சம் 11 சதவீதத்தினருக்கு, அதே அழுக்கோடு, ஒன்றுமே ஆகவில்லை.

உங்கள் மூத்தாப்பா அந்தப் பதினொரு சதவீதத்தில் இருந்திருப்பார். நீங்கள் எட்டுக்குள் இருக்கலாம். 1986இல் வெளிவந்த இந்தக் கணக்கு பல் மருத்துவம் படிக்கிறவர்களின் பாடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்து காட்டிய தோட்டத்து ஆட்களின் பெயர்தான் எதிலும் இல்லை.

சரி, உங்கள் வேலை: ஆடுகிற பல்லின் மேல் பாலம் கட்ட யாராவது முன்வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். முதலில் ஈறு வைத்தியம். சிகரெட் இருந்தால் அதையும், சீனி வியாதி இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகும் ஆடாமல் நிற்கிற பல் எது என்று பார்த்துத்தான் பாலப் பேச்சு.

நாலு பல்லு வரிசையாப் போயிருக்கு. ரெண்டு ஓரத்துப் பல்லை வச்சு ஒரே பாலமாக் கட்டினா என்ன?
*நல்லாந்தழுவ*

1926இல் ஆண்டே என்பவர் ஒரு விதி சொன்னார்: தாங்குகிற பல்லின் வேர்ப்பரப்பு, போன பல்லின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது. இப்போது அதை அச்சொட்டாகப் பிடித்துக்கொள்வதில்லை. என்றாலும் கடைவாயில் நாலுக்கு இரண்டு என்பது எந்தக் கணக்கிலும் அநியாயம். கழற்றி மாட்டுகிற பல்செட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

கத்தார்ல இருக்கிற மச்சான் “பாலமெல்லாம் பழசு, இம்ப்ளாண்ட் போடு” எண்டு வாட்ஸப்ல நச்சரிக்கிறார்.
*பெருக்குவட்டான்*

பாலம் பழசுதான். இத்தாலியில் எட்ரஸ்கர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே தங்கப் பட்டியால் பல்லைக் கட்டியிருக்கிறார்கள். பழசென்று தள்ளுவதானால் சோறும் பழசு.

இம்ப்ளாண்ட் என்பது எலும்பில் இறக்குகிற டைட்டேனியம் ஆணி. சுவீடனில் பிரோனமார்க் என்பவர் எலும்பும் டைட்டேனியமும் ஒட்டிப்போவதைக் கண்டுபிடித்து, 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். பக்கத்துப் பல்லைத் தொடாது, அதுதான் பெரிய நன்மை. ஆனால் போதுமான எலும்பு வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காசும் கூட. புகைப்பவருக்கும் சீனி கட்டுப்படாதவருக்கும் தோற்கிற வாய்ப்பு அதிகம். மச்சான் ஆலோசனையோடு காசையும் அனுப்பினால் யோசிக்கலாம்.

பாலம் கட்டி ஆறு வருஷம். வலி இல்லை. ஆனா வாய் நாறுது எண்டு மனிசி சொல்றா.
*பெயர் வேண்டாம், கடையாமோட்டை*

மனிசி சொல்வதை நம்புங்கள். கண்ணாடிக்கு முன் நின்று விரலால் பாலத்தை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். உறையின் ஓரத்தில் எச்சில் குமிழ் குமிழாக வந்தால், ஒரு பக்கச் சிமெந்து கரைந்து பாலம் பம்பு மாதிரி எச்சிலை உறிஞ்சித் துப்புகிறது என்று அர்த்தம். உள்ளே சொத்தை ஓடிக்கொண்டிருக்கும். வேர் வைத்தியம் செய்த பல்லென்றால் வலியும் தெரியாது. குமிழ் வராவிட்டால், பொய்ப்பல்லின் அடியில் சாப்பாடு தங்குகிறது. பிரஷ் அங்கே போகாது. ஒரு முனை விறைப்பாக இருக்கிற பல் நூல் பெரிய பார்மசிகளில் கிடைக்கும். அதை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி அடியால் விட்டு, இரவில் ஒருமுறை இழுத்தால் போதும்.

தங்கப் பல்லு கட்டலாமா? ஆம்பிளைக்குத் தங்கம் ஹராம் எண்டு நானா சொல்றார். மையித்தானா அதைக் கழட்டணுமா?
*கரம்பை*

தீர்ப்பு உங்கள் மௌலவியிடம். எனக்குத் தெரிந்த செய்தியைச் சொல்கிறேன். அர்ஃபஜா (ரலி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்து வெள்ளியில் ஒன்று செய்து வைத்தார்கள், அது நாற்றமெடுத்தது, நபிகளார் (ஸல்) தங்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் உண்டு. தங்கப் பல்லைப் பற்றிப் பேசுகிற அறிஞர்கள் இதைத்தான் முன்வைக்கிறார்கள். இரசாயனமும் இதற்கு ஒத்துப்போகிறது: ஈரத்தில் வெள்ளி கறுக்கும், தங்கம் அசையாது. மையித்துக் கேள்வியை நானாவிடம் கேட்காமல் மௌலவியிடமே கேளுங்கள். சிமெந்து போட்ட பாலம் இழுத்த இழுப்புக்கு வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

என்ட பல்லெல்லாம் அநுராதபுரத்துத் தண்ணி குடிச்சு மஞ்சளும் கபிலமும். பாலத்துப் பல்லை வெள்ளையாக் கேட்கவா?
*ராத்தா ஒருவர், கனமூலைக்கு வாழ வந்தவர்*

அங்குள்ள கிணறுகளில் ஃபுளோரைட் கூடுதல், பிள்ளை வயதில் குடித்தால் எனாமலிலேயே கறை பதியும். வெள்ளையாக ஒரு பல் கேட்டால் அது மட்டும் டியூப் லைட் மாதிரி எரியும். மற்றப் பற்களை வெளுக்க ஆசை இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், ஏனென்றால் பாலம் பிறகு வெளுக்காது. நிறம் பார்க்கும்போது லிப்ஸ்டிக் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்று பாருங்கள்.

பின்பக்கம் கடைசிக் கொடுப்புப் பல்லுகள் இல்லை. சாப்பிட ஒரு கஷ்டமும் இல்லை. ஆனா டாக்டர் எல்லாத்தையும் நிரப்பச் சொல்றார்.
*முந்தல்*

கஷ்டம் இல்லையென்றால் விட்டுவிடலாம், இதற்கு மருத்துவ ஆதரவே உண்டு. நெதர்லாந்தின் கெய்சர் 1981இலேயே எழுதினார்: முன்பல்லும் அதையடுத்த சிறு கொடுப்புப் பல்லும் ஒழுங்காக இருந்தால் பலருக்குப் போதும். ஜப்பானில் 1989 முதல் எண்பது வயதில் இருபது சொந்தப் பல் என்று இயக்கமே நடத்துகிறார்கள். முப்பத்திரண்டையும் யாரும் கேட்கவில்லை. எதிர்ப் பல் கீழே இறங்குகிறதா என்று மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உம்மும்மாவுக்குப் பல்லே இல்லை. பாக்குரல்ல இடிச்சு வெத்திலை போடுறா. பல்லுக் கட்டினா உரல் வேண்டாம்தானே?
*கனமூலைப் பேரன்*

உரலை ஒளித்துவைக்க இது நல்ல சந்தர்ப்பம் என்று நினைக்கிறாயா, தம்பி? பல் போய்விட்டது, பாக்கு போகவில்லை. பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. பல் கட்டும் முன் உம்மும்மாவின் கன்னத்து உட்பக்கத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். வெள்ளைப் படையோ, சிவப்புப் படையோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல்செட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.