இணைப்பும் பரிந்துரையும்

கேள்வி: குற்றாலம் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையில் விடுதிகள் தங்கள் தள இணைப்பைச் சேர்த்தால், கூகுள் தேடலில் முன்னே வர முடியுமா?

பதில்: முன்னே வருவது அருவிச் சாரல்தான், இணைப்பு வராது. ஒரு தளம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பைப் பரிந்துரையாகக் கருதி வரிசைப்படுத்தும் 'பேஜ்ரேங்க்' முறையை லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் வெளியிட்டபின், எவரும் எழுதக்கூடிய பக்கங்களிலெல்லாம் விளம்பர இணைப்புகள் குவிந்ததால், 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகியவை 'நோஃபாலோ' என்னும் குறியை, அதாவது 'இவ்விணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பை, ஏற்றுக்கொண்டன. விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகள் இக்குறியைத் தாங்கியே நிற்கின்றன. 2019இல் கூகுள் அதனைக் கட்டளையாக அன்றி, ஏற்கவோ விடவோ கூடிய சைகையாக மாற்றியது. ஆயினும் அதை நம்பி இணைப்பு நடுவது வீண் உழைப்பு.

இத்தடை நியாயமானதே. ஐந்தருவிச் சாலையின் வழிகாட்டிப் பலகையில் ஒவ்வொருவரும் தம் விடுதிப் பெயரை எழுதிக்கொண்டால் பயணி அருவிக்குப் போய்ச் சேர மாட்டார். ஆனால், தளத்தை நடத்துபவர் தாமே படித்துத் தேர்ந்து தரும் இணைப்புக்கும் அஞ்சி இக்குறியைப் பூட்டுவது, தமிழில் உழைத்து எழுதுவோருக்குச் சேரவேண்டிய மதிப்பைத் தடுப்பதாகும். அங்கே வழி திறந்தே இருக்க வேண்டும்.

விடுதி நடத்துவோர் பேரருவியில் இன்று குளிக்க அனுமதி உண்டா, வெள்ளப்பெருக்கா, தென்காசியிலிருந்து வர எது வசதி என்பவற்றை நாள்தோறும் தம் தளத்தில் தமிழில் எழுதட்டும். பிறர் தாமாகவே இணைப்புத் தருவர்.