தனு, கரணம், புவனம், போகம்: திருவதிகையில் ப்ரீபெய்டு சிம்முக்குப் போன் தேர்வது குறித்து ஓர் ஆராய்ச்சி

பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகைக்குப் பெருமைகள் பல. அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. அப்பர் என்கிற திருநாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த இடம். இவ்வாய்வுக்கு வேண்டிய பெருமை வேறு. உண்மை விளக்கம் எழுதிய மனவாசகம் கடந்தார் இவ்வூர்க்காரர். மாணவர் கேட்க மெய்கண்டார் விடை சொல்வதாக அமைந்த அந்நூல், மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. அந்த மரபு உயிருக்கு வாய்ப்பவற்றை நான்காகப் பிரிக்கும்: தனு என்கிற உடம்பு, கரணம் என்கிற கருவிகள், புவனம் என்கிற இடம், போகம் என்கிற நுகர்ச்சி. போன் வாங்கப்போகிறவருக்கு இதைவிடத் தெளிவான பகுப்பு எந்தக் கடைப் பலகையிலும் இல்லை. போன் தனு, அதிலுள்ள ஆப், கேமரா, கைரேகைப் பூட்டு எல்லாம் கரணம், டவர் எட்டும் இடம் புவனம், ரீசார்ஜ் தரும் நெட்டும் பேச்சும் போகம். வினை எப்படியோ அதற்கேற்ற உடம்பை உயிர் எடுக்கிறது என்பது சித்தாந்தம். உடம்பை முதலில் பொறுக்கிக்கொண்டு வினையை அப்புறம் பார்க்கலாம் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. செல்கடையில் நடப்பதோ அதுதான். “பத்தாயிரத்துக்குள்ள நல்ல போன் எதுங்க?” என்ற கேள்வி தனுவில் தொடங்கித் தனுவிலேயே முடிகிறது. ப்ரீபெய்டு சிம் போடுகிறவர் போகத்தில் தொடங்கி, புவனத்தைப் பார்த்து, கரணத்தை எடைபோட்டு, கடைசியில்தான் தனுவுக்கு வரவேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

முதலில் போகம். இந்தியக் கைபேசி இணைப்புகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டு. அமெரிக்காவில் நிறுவனமே போனைத் தவணைக்குக் கொடுத்து மாதக் கட்டணத்தோடு வாங்கிக்கொள்வது வழக்கம். இங்கேயும் ரிலையன்ஸ் 2003இல் 501 ரூபாய்க்குப் போனையும் இணைப்பையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துப் பார்த்தது. இப்போது போனுக்குத் தனிக் காசு, ரீசார்ஜுக்குத் தனிக் காசு. அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாத செலவு போலத் தெரிகிறது. கணக்கு வேறு சொல்கிறது. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் ஜியோவில் நாளுக்கு 2 ஜிபி தரும் 28 நாள் பேக் 349 ரூபாய். ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட்டால் 4,537. மூன்று ஆண்டில் 13,611. பத்தாயிரம் ரூபாய் போனை நாலு கடை ஏறி இறங்கி வாங்கியவர், அதைவிடப் பெரிய தொகையை ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிவிடுகிறார். பதின்மூன்று ஏன் என்பதும் ஆராயத்தக்கதே. தமிழ் மாதங்களில் ஆகக் குறுகிய மார்கழிகூட 29 நாளுக்குக் குறைவதில்லை. அசுவினி முதல் ரேவதி வரை நட்சத்திரம் 27. அபிஜித்தையும் சேர்த்தால் 28. நிறுவனங்கள் சந்திரனைப் பார்த்தே காலம் கணிக்கின்றன என்று கொள்ள இடமுண்டு. பதின்மூன்று இருபத்தெட்டு 364 என்பதால் ஆண்டில் ஒரு நாள் எந்த பேக்கிலும் சேராமல் அனாதையாக நிற்கிறது. லீப் ஆண்டில் இரண்டு. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றுமாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்தாக வேண்டும் என்றது. வைத்திருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும், கேட்காதவருக்குச் சந்திர மாதமே. திரிபுரம் எரிந்தது திருவதிகையில் என்பது தலபுராணம்: வானில் பறந்த மூன்று கோட்டைகளும் ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை நேர்கோட்டில் வரும், அப்போதுதான் அழிக்க முடியும். 2024 ஜூலை 3ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடபோன் ஐடியாவும் கட்டணத்தை ஏற்றின. இவ்வளவு நேர்த்தியாக நேர்கோட்டுக்கு வந்தும் யாரும் வில்லை எடுக்கவில்லை. அந்த மாதம் பிஎஸ்என்எல்லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் கூடினார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டு ரீசார்ஜ் செய்தார்கள். ஒரு சிரிப்பிலேயே முப்புரம் எரிந்ததாகச் சொல்லும் ஊரில் இந்தச் சிரிப்புக்கு மட்டும் பலன் தெரியவில்லை.

அடுத்தது புவனம். ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது இதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம். வெட்டவெளிக்கு விலை வைக்க முடியாது என்று ஆயிரம் ஆண்டு நம்பியிருந்தோம். 2022 அலைக்கற்றை ஏலம் அதற்கு 1,50,173 கோடி ரூபாய் என்று விலை சொல்லிவிட்டது. அந்த ஆகாயம் ஒரே பாளமாக இல்லை, பேண்ட் பேண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. குறைந்த அதிர்வெண் அலை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். உயர்ந்தது நிறையச் சுமக்கும், சீக்கிரம் களைத்துவிடும். தோப்புக்கு நடுவே வீடு இருப்பவருக்கு முன்னதே தெய்வம். பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கிய உள்நாட்டு 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் முக்கியம். அதைப் பிடிக்கும் 28ஆம் பேண்ட் பழைய மலிவு போன்கள் பலவற்றில் இல்லை. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 4ஜி வழியே பேச வைக்கும் வோல்டி வேலை செய்யாத போனில் ஜியோ நெட் வரும், பேச்சு வராது. 5ஜியிலும் சாதிப் பிரிவு உண்டு: ஜியோவினுடையது தனித்து நிற்பது, ஏர்டெல் முதலில் விரித்தது 4ஜியின் தோளில் ஏறி நிற்பது. தனித்து நிற்கும் வகையை மட்டுமே அறிந்த மலிவு போன்களும் விற்பனைக்கு வந்திருக்கின்றன; அவற்றில் ஏர்டெல் சிம்மைப் போட்டால் 5ஜி அட்டைப்பெட்டியோடு நின்றுவிடலாம். திருவீழிமிழலைப் பஞ்சத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாளுக்கு ஒரு பொற்காசு கிடைத்தது என்றும், அப்பரின் காசு முழு மதிப்புக்குப் போக, சம்பந்தரின் காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் என்று கழிவு பிடித்தார்கள் என்றும் பெரியபுராணம் கூறும். தினசரி அளவு ஒன்று, மதிப்பு வேறு. ஒரே 349 ரூபாய் பேக் இரண்டு போன்களில் இரண்டு விதமாக நடப்பதற்கு இதைவிடப் பழைய சான்று இல்லை. இந்தப் புவனம் நிலையானதும் அல்ல. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்தபோது, நம்பரை மாற்றிக்கொள்ள ஊர் ஊராக வரிசை நின்றது. இரண்டு சிம் போடும் வசதி அன்று முதல் ஆடம்பரம் இல்லை. இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே குழிக்குச் சண்டைபோடும் தட்டு உள்ள போனை இவ்வாய்வாளர் பரிந்துரைக்கமாட்டார்.

கரணத்தில் வட்டாரச் சான்றுகள் மிகுதி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அரித்துத் தோலைத் தின்றுவிடுகிறது, ரேகையே தேய்ந்துபோகிறது. கைரேகைப் பூட்டு என்று விளம்பரத்தில் மின்னும் வசதிக்கு அவர்கள் கொடுக்கும் காசு வீண். ஆதாருக்கு ரேகை வைக்கச் சொல்லும் மேசைகளில் அவர்கள் படும் பாட்டை நினைத்தால் இதைக் கேலியாக எழுதுவதும் கூசுகிறது. நாலு எண் பூட்டுப் போதும். பலாப் பழம் அரிகிறவருக்கு வேறு சிக்கல்: பிசின் ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை இணங்காது, பிசினை எடுக்கத் தடவிய எண்ணெய்க்கு அதைவிட இணங்காது. ஓரத்துப் பொத்தானில் போனை எடுக்கவும் நிறுத்தவும் முடிகிறதா என்று பலா மாதங்களில் வாங்குகிறவர் கேட்கவேண்டும். அந்தக்கரணம் நான்கில் சித்தத்துக்கு நினைவகமும் அகங்காரத்துக்கு முன்பக்க கேமராவும் பொருந்தும் என்பது வெளிப்படை. விலை ஏற ஏறப் பின்னதற்குத்தான் அதிகம் செலவிடப்படுகிறது. இவற்றுக்குப் பிறகே தனு. அதில் இவ்வட்டாரம் கேட்பது ஒன்றுதான், பேட்டரி. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபின், பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2015 வெள்ளமும் 2024 ஃபெஞ்சல் புயலும் அதே பாடத்தைத் திரும்ப நடத்தின. போன் எத்தனை மில்லிமீட்டர் மெல்லியது என்று பெருமை பேசுகிறவர் கடலூர் மாவட்டத்தின் டிசம்பரை அறியாதவர்.

இனிப் பூர்வபட்சம், அதாவது எதிர்த்தரப்பின் தடைகள். பட்டன் போன் இருக்க இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார் ஒருவர். வலுவான வாதம். 2024 டிசம்பரில் டிராய், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தரவேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்று விதித்தது. அடுத்த மாதமே ஏர்டெல்லில் 1,849 ரூபாய்க்கு ஓராண்டு பேக் வந்தது. பட்டன் போனிலேயே பணம் அனுப்ப 2022 முதல் யூபிஐ 123பே உண்டு. பேரன் அனுப்பும் வீடியோ வேண்டாம் என்பவருக்கு இதுவே முக்தி. ஆனால் அவர் போகத்தை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற தனுவுக்கு வந்திருக்கிறார். மறுப்பதாக நினைத்து நம் கட்சியில் சேர்ந்துவிட்டார். வருங்காலத்துக்கு 5ஜி போனே வாங்கி வைப்போம் என்பார் இன்னொருவர். ஜியோ எல்லையற்ற 5ஜியை நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளோடு நிறுத்திக்கொண்டது; 299 ரூபாயில் 1.5 ஜிபி போதும் என்றிருந்தவர் 349க்கு ஏறினால்தான் அந்தப் போன் தன் பெயருக்கு நியாயம் செய்யும். ஆண்டுக்கு 650 ரூபாய் கூடுதல். இங்கே தனு வினையைத் தேர்கிறது, சித்தாந்தம் தலைகீழாகிறது. ஆண்டு பேக் மொத்தமாகக் கட்ட யாரிடம் காசு இருக்கிறது என்பது மூன்றாவது தடை, கனமானதும் அதுதான். இவ்வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் சித்திரை, வைகாசியில் காசாகும். கையில் மொத்தமாகப் பணம் நிற்பது அப்போதுதான். அதே மாதங்களில்தான் புதுப் போனும் கண்ணை இழுக்கும். பன்னிரண்டாயிரத்தையும் போனில் போட்டவர் ஆடியிலிருந்து சந்திர மாதத்தில் அல்லாடுவார். எட்டாயிரத்துப் போனோடு நிறுத்தியவருக்கு ஓராண்டு பேக்கும் முடிந்து மீதியும் இருக்கும். ஏர்செல் போல நடுவில் படுத்துவிட்டால் என்ற அச்சம் உள்ளவர்கள் 84 நாள் பேக்கோடு சமரசம் செய்துகொள்ளலாம். அது மூன்று சந்திர மாதம்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசித் தடை, தேர்வே நிகழாத நிலை. வெளிநாட்டிலிருந்து மகனோ மைத்துனரோ கொண்டுவரும் போனை இந்த நான்கு வகையில் எதில் வைப்பது? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. ஐபோன் 14 முதல் அமெரிக்கச் சந்தைக்கான ஐபோன்களில் சிம் போடும் குழியே கிடையாது என்பதால் இந்த மாட்டுக்குப் பார்க்கப் பல்லும் இல்லை. இசிம் வாங்கிக்கொள்ளலாம், ப்ரீபெய்டிலும் தருகிறார்கள். ஆனால் ஒரு போனிலிருந்து சிம்மைக் கழற்றி இன்னொன்றில் மாட்டும் கலை ஒன்று நம்மிடம் இருந்தது. சார்ஜ் இறங்கினாலும், திரை உடைந்தாலும், வீட்டிலுள்ள இன்னொரு போனில் சிம்மைப் போட்டுக்கொள்ள அது கைகொடுக்கும். தட்டில்லாத போனுக்கு அந்த வழி இல்லை. கொண்டுவந்தவர் திரும்பப் போகும்வரை அதைக் கையிலும், பழைய போனைப் பையிலும் வைத்திருப்பதே உறவுக்கும் ரீசார்ஜுக்கும் உகந்தது.